டாம்வொர்த்துக்கு வராத மறு ஆட்டம்

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டாம்வொர்த் என்ற சிறு நகரம். அந்த ஊர் அணி அப்போது ஆங்கிலக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீகில் ஆடியது. ஆட்டக்காரர்களில் பலரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். செயற்கைப் புல் விரித்த அவர்களின் சின்ன மைதானத்துக்கு, எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் ஆட வந்தது பிரீமியர் லீகின் டாட்டன்ஹம் ஹாட்ஸ்பர். தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது 0–0.

முந்தைய ஆண்டுவரை இருந்த விதிப்படி அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். சில நாள் கழித்து, லண்டனில், அறுபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய டாட்டன்ஹம் மைதானத்தில் மறு ஆட்டம் நடந்திருக்கும். செலவு போக மிஞ்சும் நுழைவுச்சீட்டு வசூலில் 45 விழுக்காடு, விருந்தாளியாகப் போன அணிக்கு வரும். ஆனால் 2024–25 சீசனிலிருந்து எஃப்.ஏ. கோப்பையின் பிரதானச் சுற்றுகள் எதிலும் மறு ஆட்டம் கிடையாது என்று முடிவாகியிருந்தது. அன்றே கூடுதல் நேரம் ஆடப்பட்டது. முழுநேர ஆட்டக்காரர்களுக்கு எதிராகக் கால்கள் ஓய்ந்துபோன டாம்வொர்த், அந்த அரை மணி நேரத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றது.

இதில் வருந்த ஒன்றுமில்லை என்பதே இன்று பரவலான கருத்து. தொலைக்காட்சி விமர்சகர்கள், பெரிய அணிகளின் பயிற்சியாளர்கள், உலகெங்கும் இருந்து பிரீமியர் லீகைப் பார்க்கும் ரசிகர்களில் பெரும்பகுதியினர் எனப் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. அதன் வலு குறையாமல் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலக் கால்பந்தின் சீசன் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. ஆகஸ்டில் தொடங்கி மே இறுதிவரை 38 லீக் ஆட்டங்கள். அதற்கு மேல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள், நாட்டு அணிக்கான ஆட்டங்கள். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் முதல் லீகில் 18 அணிகள்தான். உள்நாட்டுக் கோப்பையும் ஒன்றுதான். பிரான்ஸ் தன் லீக் கோப்பையை 2020-இலேயே நிறுத்திவிட்டது. இங்கிலாந்து மட்டும் 20 அணிகளையும் இரண்டு கோப்பைகளையும் சுமக்கிறது. ஆட்டக்காரர்கள் களைத்துக் காயமடைகிறார்கள். பெரிய அணிகள் கோப்பை ஆட்டங்களில் இரண்டாம் வரிசையைத்தான் இறக்குகின்றன. அப்படியானால் அந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு? உண்மையான திறமையை அளப்பது 38 வாரம் ஆடும் லீக் மட்டுமே. கோப்பையில் குலுக்கலும் அதிர்ஷ்டமும் ஆள்கின்றன. சிறிய அணிகளின் பணக் கவலைக்கு மேலேயிருந்து நேரடியாக உதவி தரலாம். அதற்காக ஆட்டங்களைப் பெருக்க வேண்டியதில்லை. ஆகவே மறு ஆட்டத்தை நீக்கியது சரி, அடுத்து லீக் கோப்பையையும் நீக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024–25 சீசனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சோதித்தால், ஒரு படியும் நிற்கவில்லை.

1. களைப்பு உண்மை, கணக்கு தவறு

யார் களைப்பைக் கூட்டியது? இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். களைப்பு கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் ஆர்சனலுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தச் சீசனின் பெரும்பகுதி அவருக்குப் பறிபோனது. அந்த மனிதரின் வலியை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. அதே காரணத்துக்காக, அந்த வலியைப் பொய்யான கணக்குக்குச் சாட்சியாக்கவும் கூடாது.

பிரீமியர் லீக் அணி எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் சுற்றில்தான் நுழைகிறது. இறுதிவரை போனால் ஆறு ஆட்டம். ஐரோப்பாவில் ஆடும் அணி லீக் கோப்பையிலும் மூன்றாம் சுற்றில்தான் நுழைகிறது. அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து அதுவும் ஆறு. இரண்டு கோப்பையிலும் இறுதிக்குப் போகும் அபூர்வமான அணிக்குப் பன்னிரண்டு. முதல் ஆட்டத்திலேயே தோற்கும் அணிக்கு இரண்டே இரண்டு. நீக்கப்பட்ட மறு ஆட்டமோ, பிரீமியர் லீக் அணியைப் பொறுத்தவரை மூன்றாம், நான்காம் சுற்றுகளில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஐந்தாம் சுற்றிலும் அதற்குப் பிறகும் இருந்த மறு ஆட்டங்கள் ஏற்கெனவே போய்விட்டன. ஆக, மிஞ்சிப்போனால் ஆண்டுக்கு இரண்டு ஆட்டம். பெரும்பாலான ஆண்டுகளில், பெரும்பாலான அணிகளுக்கு, ஒன்றுகூட இல்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். அதே 2024–25-இல் சாம்பியன்ஸ் லீகின் முதற்கட்டம் ஆறு ஆட்டத்திலிருந்து எட்டு ஆட்டமாக உயர்ந்தது. மொத்தப் போட்டியும் 125 ஆட்டத்திலிருந்து 189 ஆனது. முன்பு சாம்பியன் ஆக 13 ஆட்டம் போதும். இப்போது 15, முதல் எட்டு இடத்துக்குள் வராத அணிக்கு 17. அந்த முதற்கட்டம் டிசம்பரில் முடியாமல் ஜனவரிக்குள்ளும் நீண்டு, இரண்டு வார நடுநாட்களை எடுத்துக்கொண்டது. மறு ஆட்டத்துக்கு நாள்காட்டியில் இடமில்லை என்று சொன்னார்களே, அந்த இடம் போன வழி இது.

இத்துடன் முடியவில்லை. 2025 ஜூன்–ஜூலையில், ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில், ஃபிஃபா 32 அணிகளை அமெரிக்காவுக்கு அழைத்துக் கிளப் உலகக் கோப்பையை நடத்தியது. 63 ஆட்டங்கள், 100 கோடி டாலர் பரிசுத் தொகை. ஜூலை 13 அன்று பி.எஸ்.ஜி.யை 3–0 என்று வென்று கோப்பையைத் தூக்கிய செல்சி, அதற்காக ஏழு ஆட்டம் ஆடியது. அடுத்த பிரீமியர் லீக் சீசன் தொடங்க அப்போது ஐந்து வாரம்கூட இல்லை. ஏழு ஆட்டம் என்பது எஃப்.ஏ. கோப்பையை முழுவதுமாக வென்றெடுக்கத் தேவையானதைவிட ஒன்று அதிகம்.

கிளப்புகளே தாமாகச் சேர்த்துக்கொண்ட ஆட்டங்களும் உண்டு. 2024 மே 19 அன்று லீக் முடிந்தது. மூன்றே நாளில் டாட்டன்ஹமும் நியூகாஸிலும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் காட்சி ஆட்டம் ஆடின. 2025 மே 25 அன்று லீக் முடிந்த அதே வாரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கோலாலம்பூரிலும் ஹாங்காங்கிலும் ஆடியது. பாதி உலகைச் சுற்றிப் பறக்கத் தெம்பிருக்கும் ஒரு கிளப், டாம்வொர்த் ஆட்டக்காரர்களைத் தன் ஊருக்கு வரவழைத்து ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஆடக் களைப்பாக இருக்கிறது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 1999-இல் மூன்று பெரிய கோப்பைகளை வென்ற மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த ஃபிஃபாவின் முதல் உலக கிளப் போட்டிக்குப் போவதற்காக 1999–2000 எஃப்.ஏ. கோப்பையில் ஆடவே இல்லை. வென்ற கோப்பையைக் காக்கக் களம் இறங்கவில்லை. 2019 டிசம்பரில் லிவர்பூலின் மூத்த அணி கிளப் உலகக் கோப்பைக்காகக் கத்தாரில் இருந்தது. அங்கே அவர்களின் ஆட்டத்துக்கு முந்தைய இரவு இங்கிலாந்தில் நடந்த லீக் கோப்பைக் காலிறுதிக்கு, சராசரி வயது இருபதைத் தொடாத பையன்களை அனுப்பினார்கள். ஆஸ்டன் வில்லாவிடம் 0–5. இரண்டு தடவையும் மோதல் வந்தது புதிதாகச் சேர்ந்த போட்டியால். விட்டுக்கொடுத்தது பழைய போட்டி.

சேர்க்கப்படும் ஆட்டங்களின் வருமானம் மேலே இருக்கும் கிளப்புகளுக்குப் போகிறது. வெட்டப்படும் ஆட்டங்களின் வருமானம் கீழே இருப்பவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. களைப்பைப் பற்றிய விவாதத்தில் இந்த ஒரு வேறுபாட்டைப் பேசாமல் கடந்துபோகிறார்கள்.

2. "யாருக்கும் அக்கறை இல்லை" என்பது யாருடைய சாட்சியம்?

நியூகாஸிலில் போய்க் கேட்கட்டும். 2025 மார்ச் 16, வெம்பிளி, லீக் கோப்பை இறுதி. எதிரே அந்த ஆண்டு லீகை வெல்லப்போகும் லிவர்பூல். முதல் பாதி முடியும் தறுவாயில் டான் பர்ன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. அவர் நியூகாஸிலுக்கு வடக்கே உள்ள பிளைத் ஊர்க்காரர். சிறுவயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர். பிள்ளைப் பருவத்தில் அதே கிளப்பின் பயிற்சிக் கூடத்திலிருந்து வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். இரண்டாம் பாதியில் ஐசாக் இன்னொன்று போட, 2–1 என்று கோப்பை வந்தது. 1955 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் உள்நாட்டுக் கோப்பை. எழுபது ஆண்டு. தாத்தா பார்த்ததை அப்பா பார்க்காமலே போன குடும்பங்கள் உண்டு. அந்த மாத இறுதியில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். நீக்கலாம் என்று சொல்லப்படும் கோப்பைக்காக நின்ற கூட்டம் அது.

அதே வாரங்களில் தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸும் இன்னொரு கோப்பையை, எஃப்.ஏ. கோப்பையை, நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காலிறுதியில் ஃபுல்ஹம் 3–0. அரையிறுதியில் ஆஸ்டன் வில்லா 3–0. மே 17 இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 16-ஆவது நிமிடத்தில் எஸே அடித்த ஒரே கோல். சிட்டியின் மார்மூஷ் உதைத்த பெனால்டியைப் பேலஸ் கோல்காப்பாளர் டீன் ஹென்டர்சன் தடுத்தார். கிளப்பின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. 1990-லும் 2016-லும் இறுதிவரை வந்து மான்செஸ்டர் யுனைடெடிடம் தோற்ற அணி இது. அன்று வெம்பிளியின் ஒரு பாதி முழுக்க அழுதுகொண்டிருந்தது.

பெரிய அணிகள் இரண்டாம் வரிசையை இறக்குகின்றன என்பது உண்மைதான். அதனால் கோப்பைக்கு மதிப்பில்லை என்ற முடிவு எப்படிப் பிறக்கிறது? 2025 பிப்ரவரி 9 அன்று லிவர்பூல் தன் முதல்தர ஆட்டக்காரர்கள் பலரை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டாம் அடுக்கின் கடைசி இடத்தில் இருந்த பிளிமத்துக்குப் போனது. ரயன் ஹார்டியின் பெனால்டியில் 1–0 என்று தோற்றது. அங்கே அக்கறை இல்லாமல் வந்தவர்கள் ஒரு பக்கம் மட்டுமே. அந்த ஆட்டத்தைத் தம் வாழ்நாள் முழுக்கப் பேசப்போகும் மறுபக்கத்தை விட்டுவிட்டு, வராதவர்களின் மனநிலையை வைத்து ஒரு போட்டியின் மதிப்பைக் கணக்கிடுவது என்ன நியாயம்?

அந்த இரண்டாம் வரிசைக்கும் ஒரு பயன் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் லீக் கோப்பை இறுதியில் செல்சியை எதிர்த்த லிவர்பூல், காயங்களால் ஆள் குறைந்து, கூடுதல் நேரத்தில் மக்கானல், கிளார்க், டான்ஸ் போன்ற இளைஞர்களை வைத்து ஆடியது. 118-ஆவது நிமிடத்தில் வான் டைக் கோல் போட்டார். பயிற்சிக் கூடத்துப் பையன்களுக்கு வெம்பிளியின் புல்லை மிதிக்கும் வாய்ப்பு, தரமிறக்க பயம் தொங்கும் லீக் ஆட்டங்களில் அவ்வளவு எளிதில் வராது.

3. லீக் மட்டுமே உண்மையை அளக்கிறதா?

2024–25 லீக் அளந்தது எதை? லிவர்பூல் ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹமை 5–1 என்று வென்று, நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே தன் 20-ஆவது பட்டத்தை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய நாள் இப்ஸ்விச் தரமிறங்கியது. ஒரு வாரம் முன்பே லெஸ்டர். ஏப்ரல் 6 அன்றே சவுதாம்டன், ஏழு ஆட்டம் மீதம் இருக்கையில். சவுதாம்டன் முழு ஆண்டுக்கும் எடுத்த புள்ளி 12. ஐரோப்பிய இடங்களுக்கான போட்டி கடைசி நாள்வரை சூடாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உச்சியும் அடியும் முடிந்துபோய் ஒரு மாதம் கிடந்த லீக் அது.

தரமிறங்கிய மூன்றும் அந்த ஆண்டுதான் மேலே வந்த அணிகள். அதற்கு முந்தைய ஆண்டும் மேலே வந்த மூன்று அணிகளும், லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட், அப்படியே திரும்பிப் போயின. இரண்டு ஆண்டு தொடர்ந்து ஆறுக்கு ஆறு. லூட்டன் அடுத்த ஆண்டே இன்னொரு படி சறுக்கி மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது. இவர்கள் சோம்பேறிகள் இல்லை. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 2024–25-இல் லீட்ஸும் பர்ன்லியும் தலா 100 புள்ளி எடுத்தன. பர்ன்லி 46 ஆட்டத்தில் வாங்கியது வெறும் 16 கோல். அதற்குக் கீழே பர்மிங்ஹம் 111 புள்ளி என்ற சாதனையோடு லீக் ஒன்னை வென்றது. ரெக்ஸம் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக ஓர் அடுக்கு ஏறியது. கீழ் அடுக்குகளில் ஏணி உயிரோடு இருக்கிறது. உச்சிப் படியில்தான் வழுக்குகிறது, அதற்குக் காரணம் பணத்தின் சரிவு. 38 வாரம் ஓடும் போட்டியில் ஆழமான பையும் நீளமான ஆட்டக்காரர் பட்டியலும் வெல்லும். அதுவும் ஒரு வகைத் திறமையின் அளவுதான். அது மட்டுமே அளவு என்பதைத்தான் ஏற்க முடியாது.

டாட்டன்ஹமையே எடுத்துக்கொள்ளுங்கள். லீகில் 22 தோல்வி, 17-ஆவது இடம். அதே அணி மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெடை 1–0 என்று வென்று யூரோப்பா லீகைக் கொண்டுவந்தது, 2008-க்குப் பின் முதல் கோப்பை. அந்தச் சீசனை நினைவில் வைத்திருக்கும் டாட்டன்ஹம் ரசிகர் 17 என்ற எண்ணையா சொல்வார்?

அதிர்ஷ்டம் என்ற குற்றச்சாட்டையும் விட்டுவிடக் கூடாது. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பேலஸின் ஹென்டர்சன் பெட்டிக்கு வெளியே பந்தைக் கையால் தட்டினார், அவரை வெளியேற்றியிருக்க வேண்டும் என்று சிட்டி ரசிகர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் வலு உண்டு. ஒற்றை ஆட்டத்தில் ஒரு தீர்ப்பு எல்லாவற்றையும் புரட்டிவிடும். அப்படியானால் அதிர்ஷ்டத்தைக் குறைக்க வழி என்ன? சமநிலையில் முடிந்த ஆட்டத்தை, மற்ற அணியின் மைதானத்தில் இன்னொரு முறை முழுதாக ஆடிப் பார்ப்பது. அதாவது மறு ஆட்டம். கோப்பையில் அதிர்ஷ்டம் அதிகம் என்று குறைபட்டவர்களே, அதிர்ஷ்டத்தைக் குறைக்கும் விதியை எடுத்துவிட்டு, ஐந்து பேர் பன்னிரண்டு கெஜத்திலிருந்து உதைக்கும் பெனால்டியை அந்த இடத்தில் வைக்கச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஆதரிக்க முடியாது.

4. உதவித் தொகை உரிமைக்கு ஈடாகாது

பணத்தை வேறு வழியில் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். 2024 ஏப்ரலில் எஃப்.ஏ.வும் பிரீமியர் லீகும் மறு ஆட்டத்தை நீக்கும் ஒப்பந்தத்தை அறிவித்தபோது, கூடுதலாக ஆண்டுக்கு 3.3 கோடி பவுண்டுவரை தரப்படும் என்ற செய்தியும் வந்தது. கேட்க நல்ல தொகை. ஆனால் அது எஃப்.ஏ. வழியாக அடித்தளக் கால்பந்துக்குப் போகும் பணம்: பூங்கா மைதானங்கள், சிறுவர் ஆட்டம் முதலியவற்றுக்கு. தேவையான செலவுதான். ஆனால் ஐந்தாம் அடுக்கில் சம்பளப் பட்டியலை எப்படி நிரப்புவது என்று தவிக்கும் கிளப்பின் கணக்கில் அது நேராக வந்து விழாது. தங்களிடம் கலந்துபேசவே இல்லை என்று 72 கிளப்புகளின் அமைப்பான இ.எஃப்.எல். அப்போதே எதிர்ப்பைத் தெரிவித்தது. யாருடைய வருமானம் போகிறதோ அவர்களைக் கேட்காமல் போடப்பட்ட ஒப்பந்தம்.

எக்ஸெட்டர் சிட்டியின் கதை இந்த வாதத்துக்கு நேரான பதில். 2003-இல் மேல் நான்கு அடுக்குகளான லீகிலிருந்து விழுந்து, கடனில் மூழ்கி, ரசிகர்களின் அறக்கட்டளை கையேற்ற கிளப் அது. 2005 ஜனவரி 8 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெடை 0–0 என்று நிறுத்தினார்கள். மறு ஆட்டம் எக்ஸெட்டரின் சொந்த மைதானத்தில். ரொனால்டோவும் ரூனியும் கோல் போட, தோற்றார்கள். ஆனால் இரண்டு ஆட்டத்தின் வசூலும் தொலைக்காட்சிப் பணமும் கடனை அடைக்க உதவி, அந்தக் கிளப்பை எழுப்பி நிறுத்தின. 2024–25-இலும் எக்ஸெட்டர் ரசிகர்களின் கையில் இருந்தது, லீக் ஒன்னில் ஆடியது. அடுத்த ஆண்டு பர்ட்டன் ஆல்பியன் அதே யுனைடெடைத் தன் ஊரில் 0–0 என்று தடுத்து, பதினோராயிரம் பேர் அளவுக்குத் தன் ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு ஓல்டு டிராஃபோர்டுக்குப் போனது. 0–5. பர்ட்டன் அப்போது லீகுக்கு வெளியே இருந்தது. பிற்காலத்தில் இரண்டாம் அடுக்குவரை ஏறியது.

மறு ஆட்டத்தில் சிறிய அணி எப்படியும் தோற்கும், எதற்கு அந்த நாடகம் என்று கேட்கிறவர்கள் உண்டு. 1972-இல் ஹெர்ஃபோர்டு யுனைடெட் தோற்கவில்லை. சதர்ன் லீகில் ஆடிய அந்த அணி, முதல்தர நியூகாஸிலோடு அவர்களின் மைதானத்தில் 2–2 என்று சமன் செய்தது. பிப்ரவரி 5 அன்று ஹெர்ஃபோர்டின் எட்கர் தெரு மைதானத்துச் சேற்றில் நடந்த மறு ஆட்டத்தில், நியூகாஸில் முன்னிலை பெற்று ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், ரோனி ராட்ஃபோர்டு தொலைவிலிருந்து அடித்த பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. மைதானமெங்கும் சிறுவர்கள் ஓடிவந்தார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் வென்று கொடுத்தார். அந்தக் கோடையிலேயே ஹெர்ஃபோர்டு லீகுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், அந்த ஆட்டம் நியூகாஸிலிலேயே, அதே நாளில், முடிந்திருக்கும். ராட்ஃபோர்டின் கோல் அடிக்கப்படாமலே போயிருக்கும்.

இன்னும் அண்மையில், 2017. நேஷனல் லீகின் லிங்கன் சிட்டி, இப்ஸ்விச்சோடு 2–2 என்று சமன் செய்து, சொந்த ஊரில் மறு ஆட்டத்தை 1–0 என்று வென்றது. பிறகு பிரைட்டனையும், பிரீமியர் லீகின் பர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலும் சாய்த்துக் காலிறுதிவரை போனது. நூறு ஆண்டுக்கு மேலாக லீகுக்கு வெளியே உள்ள எந்த அணியும் எட்டாத இடம். அதே ஆண்டு லீகுக்குள்ளும் திரும்பியது. அந்தப் பயணம் ஒரு மறு ஆட்டத்தின் வாசல் வழியாகத்தான் போனது.

உதவித் தொகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இன்று தரலாம், நாளை பேரம் பேசலாம். களத்தில் 0–0 என்று நின்று சம்பாதித்த 45 விழுக்காட்டுக்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

5. இந்தப் பாதை எங்கே போகிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது

யூகிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2020 அக்டோபரில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெடும் முன்னின்று கொண்டுவந்த 'புராஜெக்ட் பிக் பிக்சர்' திட்டம் வெளியானது. பிரீமியர் லீகை 18 அணியாகக் குறைப்பது; லீக் கோப்பையை ஒழிப்பது; கொரோனாவில் வாடிய கீழ் அடுக்குகளுக்கு 25 கோடி பவுண்டு உடனடி உதவி; அதற்கு ஈடாக, முக்கிய முடிவுகளில் நீண்டநாள் உறுப்பினர்களான ஒன்பது கிளப்புகளுக்கு மட்டும் தனி வாக்குரிமை. களைப்பு, நெரிசல், சிறியோருக்கு உதவி என்று இப்போது சொல்லப்படும் எல்லாமே அந்தத் தாளில் இருந்தன. கூடவே அதிகாரமும் இருந்தது. மற்ற கிளப்புகள் நிராகரித்தன.

ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரல் 18 அன்று, இங்கிலாந்தின் ஆறு கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீகில் சேர்வதாக அறிவித்தன. நிறுவன அணிகளுக்குத் தரமிறக்கமே இல்லாத போட்டி. சீசன் நெரிசல் என்று முறையிட்டவர்கள் புதிய போட்டி ஒன்றையே கட்ட முன்வந்தார்கள். செல்சி மைதானத்தின் வாசலில் ரசிகர்கள் சாலையை மறித்தார்கள். இரண்டு நாளில் ஆறு கிளப்பும் பின்வாங்கின. அந்த ரசிகர்களில் பலர் பெரிய கிளப்புகளின் ரசிகர்கள்தான். மேலே உள்ளவர்கள் மட்டும் ஆடும் கால்பந்து தங்களுக்கும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள்.

கோப்பைகளை மேலிருந்து தொங்கவிடப்பட்ட அலங்காரமாகப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. எஃப்.ஏ. கோப்பை 1871–72-இல் 15 கிளப்புகளோடு தொடங்கியது. 12 அணிகளின் ஃபுட்பால் லீக் 1888-இல்தான் பிறந்தது. லீகுக்கு முன்பே, பதினேழு ஆண்டு, ஆங்கிலக் கால்பந்து என்றால் கோப்பைதான். இன்றும் பகல் வேலைக்குப் போகிறவரும் வாரம் லட்சக்கணக்கில் சம்பாதிப்பவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஒரே புல்லில் நிற்கும் இடம் அது. லீக் கோப்பையும் அப்படித்தான். 2024 செப்டம்பரில், நான்காம் அடுக்கின் ஏஎஃப்சி விம்பிள்டனுக்கு நியூகாஸில் விருந்தாளியாக வர வேண்டியிருந்தது. வெள்ளத்தில் விம்பிள்டனின் மைதானமே உள்வாங்கிப் புதைந்தது. ஆட்டத்தை நியூகாஸிலுக்கு மாற்றினார்கள். விம்பிள்டன் ஒரு பெனால்டியில்தான் தோற்றது. அந்த நியூகாஸில்தான் மார்ச்சில் கோப்பையைத் தூக்கியது. அந்த விம்பிள்டன் மே மாதம் வெம்பிளியில் பிளே-ஆஃப் வென்று மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. ஓர் ஆண்டின் இந்த இரண்டு கதையும் ஒரே இரவில் தொட்டுக்கொண்டது, கோப்பை என்ற ஒன்று இருந்ததால்.

6. அப்படியே வைத்திருக்கவும் சொல்லவில்லை

எதையும் மாற்றக் கூடாது என்பது இந்த மறுப்பின் பொருள் ஆகாது. லீக் கோப்பை அரையிறுதியை இரண்டு ஆட்டமாக நடத்த வேண்டியதில்லை. ஒன்று போதும், அந்த வார நடுநாளை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரலாம். பிரீமியர் லீக் அணிகள் தமக்குள் மோதும் எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களுக்கு மறு ஆட்டம் தேவையில்லை என்பதையும் ஏற்கலாம்.

பரிசுத் தொகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கிரிஸ்டல் பேலஸ் எஃப்.ஏ. கோப்பை இறுதியை வென்றதற்குக் கிடைத்த பரிசு 20 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு பிரீமியர் லீக் பட்டியலில் ஓரிடம் மேலே முடித்தால் கிடைக்கும் கூடுதல் தொகை 25 லட்சம் பவுண்டுக்கு மேல். பேலஸ் 12-ஆவதாக முடித்தது. ஒரு பயிற்சியாளர் கோப்பை ஆட்டத்தில் முதல் வரிசையை உட்காரவைக்கிறார் என்றால், அவரிடம் வீம்போ அலட்சியமோ தேட வேண்டாம். இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். எண்களை எழுதுகிறவர்கள் அவற்றை மாற்றவும் முடியும். பிரீமியர் லீகின் ஒளிபரப்பு வருமானத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கடைசியாக மறு ஆட்டம். மூன்றாம், நான்காம் சுற்றுகளில், பிரீமியர் லீக் அணி ஒன்றை அதைவிடக் கீழடுக்கு அணி தொண்ணூறு நிமிடம் சமநிலையில் நிறுத்தினால் மட்டும், இரண்டாம் ஆட்டம் உண்டு என்று விதி எழுதலாம். பெரும்பாலான ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே இதில் வரும். ஒரு பெரிய கிளப்புக்கு அது ஒரு வார நடுநாள் இரவு. இனி அந்த நிலையில் நிற்கும் சின்ன ஊருக்கோ, அது அறுபதாயிரம் பேர் முன்னால் ஓர் ஆட்டமும், அடுத்த சில ஆண்டுகளுக்கான சம்பளப் பணமும்.